ஐஸ் ஹாக்கி வர்ணனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் குளிர்காலத்துச் சனிக்கிழமை இரவு என்றால் பல வீடுகளில் டிவியில் ஹாக்கிதான் ஓடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் பத்து நிமிடம் கேள்வி மேல் கேள்வி. பந்து எங்கே? ஏன் ஓயாமல் ஆள் மாற்றுகிறார்கள்? இந்த மனுஷன் ஏன் இப்படிக் கத்துகிறார்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லப் போனால் நூறு வருடக் கதை வந்து நிற்கும். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இது நம்ம ஊர் ஹாக்கியிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

புல்லுக்குப் பதில் பனிக்கட்டி, ஷூவுக்குப் பதில் ஸ்கேட்ஸ், பந்துக்குப் பதில் 'பக்' என்கிற கறுப்பு ரப்பர் வட்டு. பக்கின் விட்டம் 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை 156 முதல் 170 கிராம். துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பு அதை உறைய வைத்து எடுத்து வருவார்கள். மைதானம் 200 அடி நீளம், 85 அடி அகலம். அணிக்கு கோல்கீப்பரோடு ஆறு பேர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். ஒரு ஆள் முழு மூச்சில் முக்கால் நிமிடம் ஓடினாலே களைத்துவிடுவார் என்பதால், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பெஞ்சிலிருந்து ஒருவர் உள்ளே குதிப்பார், களைத்தவர் வெளியே ஏறுவார். நடுவரிடம் அனுமதி கேட்பதெல்லாம் கிடையாது. இந்தியாவில் ஹாக்கி என்றால் புல்தரை ஹாக்கி. இங்கே 'ஐஸ்' என்று யாரும் சேர்த்துச் சொல்வதே இல்லை.

பக் கண்ணுக்கே தெரியவில்லையே, எப்படிப் பார்ப்பது?

யாருக்குமே முதலில் தெரியாது. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் போகும் அடிகள் உண்டு. பக்கைத் துரத்தாதீர்கள், ஆட்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பாருங்கள். மிச்சத்தைக் காது பார்த்துக்கொள்ளும். வர்ணனையாளர் இருப்பதே அதற்குத்தான்.

தொழில்நுட்பத்தால் இதைச் சரிசெய்ய ஒருமுறை முயன்றார்கள். 1996 ஜனவரியில், பாஸ்டனில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தில், ஃபாக்ஸ் தொலைக்காட்சி பக்குக்குள்ளே மின்னணுக் கருவியைப் பொதிந்தது. திரையில் பக்கைச் சுற்றி நீல ஒளிவட்டம் தெரியும். வேகமாக அடித்தால் சிவப்பு வால் நீளும். வீடியோ கேம் போல இருக்கிறது என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். 1998-க்குப் பிறகு அது காணாமல் போனது. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு உதவியாக இருந்திருக்கும் என்று எனக்கு இன்னமும் ஒரு எண்ணம் உண்டு. ஆனால் டொரொண்டோவில் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டேன்.

இந்த விளையாட்டு எங்கே, எப்போது தொடங்கியது?

பனியின் மேல் கழியால் எதையாவது அடித்து விளையாடுவது மிகப் பழைய வழக்கம். பிரிட்டனிலிருந்து வந்தவர்களின் ஆட்டங்களும் இங்குள்ள பூர்வகுடிகளின் ஆட்டங்களும் கலந்தே இது உருவானது. எங்கள் ஊரில்தான் பிறந்தது என்று உரிமை கொண்டாடும் ஊர்கள் இன்றும் சண்டை போடுகின்றன. எழுத்தில் உறுதியாக நிற்பது ஒரு தேதி: 1875 மார்ச் 3, மான்ட்ரியலின் விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க். ஜேம்ஸ் கிரெய்ட்டன் என்பவர் அணிக்கு ஒன்பது பேர் வைத்து, கூரைக்கு அடியில், பார்வையாளர்கள் முன்னால் ஆட்டத்தை நடத்தினார். பந்து எகிறிப் பார்வையாளர்கள் மேல் பட்டால் வம்பு என்று தட்டையான வட்ட மரத்துண்டை வைத்து ஆடினார்கள். அந்த மரத்துண்டுதான் இன்றைய பக்கின் பாட்டன். ஆட்டம் முடிந்ததும் கைகலப்பு வந்தது, பெஞ்சுகள் உடைந்தன, பெண்கள் வெளியே ஓடினார்கள் என்று கிங்ஸ்டன் பத்திரிகை ஒன்று எழுதியது. சண்டையும் கூடவே பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

என்ஹெச்எல், அதாவது நேஷனல் ஹாக்கி லீக், எப்படி வந்தது?

ஒரு மனிதரைப் பிடிக்காததால் வந்தது. டொரொண்டோ அணியின் உரிமையாளர் எடி லிவிங்ஸ்டனோடு மற்ற முதலாளிகளுக்கு ஒத்துப்போகவில்லை. அவரை வெளியேற்ற வழி கிடைக்காததால், 1917 நவம்பரில் மான்ட்ரியலின் வின்ட்ஸர் ஹோட்டலில் கூடி, அவரைப் பழைய சங்கத்தில் தனியாக விட்டுவிட்டுத் தாங்கள் புதுச் சங்கம் தொடங்கிக்கொண்டார்கள். அதுதான் என்ஹெச்எல். டிசம்பரில் நான்கு அணிகளோடு ஆட்டம் ஆரம்பித்தது. ஜனவரி 2-ஆம் தேதி மான்ட்ரியல் அரங்கம் தீப்பிடித்து எரிந்ததில் வாண்டரர்ஸ் அணி கடையைக் கட்டியது, மிஞ்சியது மூன்று. 1942 முதல் 1967 வரை ஆறே அணிகள், பிறகு ஒரே வருடத்தில் பன்னிரண்டு, இன்று 32.

சாம்பியன் அணிக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கோப்பை இதைவிட மூத்தது. ஆளுநர் ஸ்டான்லி பிரபு 1892-இல் அறிவித்தது, 1893-இல் முதலில் கொடுக்கப்பட்டது. ஸ்பானிஷ் ஃப்ளூ பரவிய 1919-இல் இறுதிச் சுற்று பாதியில் நின்றது. முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறு முற்றிய 2005-இல் சீசனே நடக்கவில்லை. அந்த இரண்டு வருடமும் கோப்பை யாருக்கும் இல்லை.

வர்ணனையை மனதில் வைத்துப் பார்த்தால், இதையெல்லாம்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. ஆரம்பத்தில் ரக்பி போல பக்கை முன்னோக்கித் தள்ளிக் கொடுக்கக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோதான் கொடுக்கலாம். 1918-இல் மைதானத்தின் நடுப்பகுதியில் மட்டும் அனுமதித்தார்கள், 1929-இல் எல்லா இடத்திலும். அதன் பிறகுதான் ஆட்டம் இன்று நாம் பார்க்கும் வேகத்துக்கு வந்தது. வானொலியும் சரியாக அதே காலத்தில்தான் வீட்டுக்குள் நுழைந்தது.

முதல் வர்ணனையாளர் யார்?

கனடாவில் யாரைக் கேட்டாலும் ஃபாஸ்டர் ஹெவிட் என்பார்கள். அது சரியில்லை. 1923 பிப்ரவரி 8 அன்று டொரொண்டோ ஸ்டார் பத்திரிகையின் வானொலியில் நார்மன் ஆல்பர்ட் என்பவர் ஒரு ஆட்டத்தின் கடைசிப் பகுதியை வர்ணித்தார். அதே பத்திரிகையின் இளம் நிருபர் ஹெவிட், சில நாட்கள் கழித்து பிப்ரவரி 16-ஆம் தேதிதான் வந்தார். ஒரு தொழில்முறை ஆட்டத்தை முதன்முதலில் முழுசாகச் சொன்னவர் பீட் பார்க்கர், மார்ச் 14 அன்று ரெஜைனா நகரில். ஆனால் ஹெவிட் மார்ச் 22 என்ற தேதியைச் சொல்லி, தானே முதல் என்று சொல்லிவந்தார். நாடும் நம்பியது. ஐம்பது வருடம் மைக்கைப் பிடித்தவர் சொன்னால் யார் மறுப்பது?

ஆனாலும் அவர் சொன்ன கதை நன்றாகத்தான் இருக்கிறது. மியூச்சுவல் தெரு அரங்கில் கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் உட்கார வைத்து, கையில் ஒரு டெலிஃபோனைக் கொடுத்தார்களாம். பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லை. பேசப் பேசக் கண்ணாடியில் மூச்சு படிந்து எதுவும் தெரியாமல் போயிற்று. ஆட்டமோ சமனில் முடிந்து கூடுதல் நேரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

கூரையில் தொங்கிய கூண்டு என்கிறார்களே, அது என்ன?

1931-இல் டொரொண்டோ அணியை நடத்திய கான் ஸ்மைத் அந்த ஊரில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கத்தைக் கட்டினார். பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். கட்டுமானத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பங்கை அரங்கத்தின் பங்குகளாகவே கொடுத்து, ஐந்தாறு மாதத்தில் கட்டி முடித்தார்கள். "உனக்கு எந்த உயரத்தில் இடம் வேண்டும்?" என்று ஹெவிட்டிடம் கேட்டபோது, அவர் ஈட்டன்ஸ் கடையின் உயரமான கட்டடத்துக்குப் போனார். மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று கீழே தெருவில் நடப்பவர்களைப் பார்த்தார். மேலே போகப்போக ஆள் யாரென்று தெரியவில்லை. கீழே இறங்கினால் ஒருவரை ஒருவர் மறைத்தார்கள். ஐந்தாவது மாடிதான் சரி என்று முடிவு செய்தார். 56 அடி. அந்த உயரத்திலேயே கூரையிலிருந்து ஒரு கூண்டு தொங்கியது. ஆகாயக் கப்பலின் அடியில் இருக்கும் கூண்டு மாதிரி இருக்கிறது என்று விளம்பர நிறுவனக்காரர் ஒருவர் சொல்ல, 'கொண்டோலா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அங்கே போக ஒடுக்கமான நடைபாலம் ஒன்றுதான் வழி. "ஹலோ கனடா, அமெரிக்காவிலும் நியூஃபவுண்ட்லாந்திலும் இருக்கும் ஹாக்கி ரசிகர்களே" என்று அவர் அங்கிருந்துதான் வணக்கம் சொல்லுவார். நியூஃபவுண்ட்லாந்து 1949 வரை கனடாவில் சேராத தனிப் பிரதேசம், அதனால்தான் தனி அழைப்பு. 1979-இல் அரங்கத்தைப் புதுப்பித்தபோது அந்தக் கொண்டோலாவைக் கழற்றி, ஒரு அருங்காட்சியகத்துக்குக்கூடக் கொடுக்காமல் குப்பையாக எரித்துவிட்டார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறெரியும்.

"ஹீ ஷூட்ஸ்... ஹீ ஸ்கோர்ஸ்!" ஏன் இவ்வளவு பிரபலம்?

நான்கே சொல், நடுவில் ஒரு இடைவெளி. முதல் பாதியில் பக் ஸ்டிக்கை விட்டுக் கிளம்பிவிட்டது, இன்னும் வலைக்குப் போய்ச் சேரவில்லை. வானொலிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் அந்த இடைவெளியில்தான் நாற்காலி நுனிக்கு வருவார். ஹெவிட்டின் குரல் அடிக்கு முன்பே மெல்ல ஏறத் தொடங்கிவிடும், அதனால் ஏதோ நடக்கப்போகிறது என்று அடுப்படியில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். யார் அடித்தார் என்று அந்த வாக்கியத்தில் பெயர் இல்லை, பெயரை அதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. தமிழில் "அடித்தார்... போட்டார்!" என்றால் இன்னும் சுருக்கமாகவே வரும். நமக்கு அந்த 'அவர்' கூட வேண்டாம், விகுதியே பார்த்துக்கொள்ளும்.

ஆட்டம் முடிந்ததும் மூன்று பேரைக் கூப்பிடுகிறார்களே, எதற்கு?

'மூன்று நட்சத்திரங்கள்', அன்றைய சிறந்த ஆட்டக்காரர்கள். பார்த்தால் பழம்பெரும் மரபு மாதிரி இருக்கும், ஆரம்பம் பெட்ரோல் விளம்பரம். 1930களில் வானொலி ஒலிபரப்புக்குப் பணம் கொடுத்த இம்பீரியல் ஆயில் நிறுவனத்திடம் 'த்ரீ ஸ்டார்' என்ற பெட்ரோல் இருந்தது. அந்தப் பெட்ரோல் போய் எத்தனையோ காலமாகிறது, நட்சத்திரங்கள் மட்டும் தங்கிவிட்டன.

இவ்வளவு வேகத்தில் யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே வர்ணனையாளர் ஃபீல்டர் நிற்கிற இடம், மேகம், மைதானத்துப் புறா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கலாம். இங்கே அவருக்கு அப்படி நேரம் கிடையாது. ஒரு அணியில் கோல்கீப்பர்களையும் சேர்த்து இருபது பேர், இரண்டு அணிக்கு நாற்பது. எல்லாருக்கும் ஹெல்மெட். நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஆள் மாறும்.

அதனால் பாதி வேலை ஆட்டத்துக்கு முன்பே நடந்துவிடும். காலையில் அணிகள் பயிற்சி எடுக்கும்போது வர்ணனையாளர் போய் உட்கார்ந்து, எண்ணையும் பெயரையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகுவார். ஃபின்லாந்து, செக், ரஷ்யப் பெயர்களை ஆட்டக்காரரிடமே கேட்டு உச்சரிப்பைச் சரிபார்ப்பார். போகப்போக எண்ணைப் பார்க்க வேண்டிய தேவையே குறையும். ஒருவர் ஸ்கேட் செய்யும் விதம், ஸ்டிக்கை எந்தக் கையில் பிடிக்கிறார், எப்படிக் குனிகிறார் என்பதே அடையாளம். தூரத்தில் வரும் மாமாவை நடையை வைத்துச் சொல்கிறோமே, அது மாதிரி.

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, வினைச்சொல்லும் வேண்டும். மைக் எம்ரிக் என்ற அமெரிக்க வர்ணனையாளர், டாக்டர் பட்டம் வாங்கியவர் என்பதால் எல்லாருக்கும் 'டாக்'. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் அமெரிக்காவும் கனடாவும் மோதிய ஆட்டத்தில், பக் நகர்வதைச் சொல்ல அவர் 153 வெவ்வேறு வினைச்சொற்களைப் பயன்படுத்தினார் என்று எண்ணிச் சொன்னார்கள். தமிழில் முயன்று பாருங்கள்: தட்டினார், தள்ளினார், வழித்தார், சுண்டினார், கிளப்பினார், உருவினார், திருப்பினார், செருகினார்... எனக்கு முப்பதுக்கு மேல் மூச்சு வாங்கியது.

ஏன் எப்போதும் இரண்டு பேர் பேசுகிறார்கள்?

ஒருவர் நடப்பதை நடக்கிறபடி சொல்வார். மற்றவர் பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரர், விசில் அடித்து ஆட்டம் நின்றதும் ஏன் அப்படி ஆயிற்று என்று விளக்குவார். விசில் இல்லாதபோது இரண்டாமவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே, ஆட்டத்தை ஒட்டி நின்றுகொண்டு பேசும் மூன்றாமவரும் சில நாட்களில் உண்டு.

பிரெஞ்சு வர்ணனையில் வித்தியாசம் என்ன?

ஹாக்கி கனடாவின் தொலைக்காட்சிக்கு முதலில் வந்ததே பிரெஞ்சில்தான். 1952 அக்டோபர் 11, மான்ட்ரியல். ஆங்கிலத்தில் டொரொண்டோவிலிருந்து வந்தது நவம்பர் 1. அந்த பிரெஞ்சுக் குரல் ரெனே லகவாலியே. அதுவரை கியூபெக்கில் ஆட்டம் பார்ப்பவர்கள் பாதிச் சொற்களை ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் நல்ல பிரெஞ்சில் அழகாகச் சொன்னார், அதுவே தெருப் பிள்ளைகளின் பேச்சிலும் ஏறியது. கலைச்சொல் குழு போட்டு, அகராதி அச்சடித்து, யாரும் எடுத்துப் பார்க்காமல் கிடப்பது நமக்குப் பழக்கப்பட்ட கதை. சனிக்கிழமைதோறும் நல்ல குரலில் ஒருவர் சொன்னால் சொல் தானாக நிலைக்கிறது.

அதே மான்ட்ரியலில் ஆங்கிலத்தில் சொன்ன டானி காலிவன் எதிர்த்திசையில் போனவர், இல்லாத சொல்லை உண்டாக்குவார். ஆட்டக்காரர் ஒரு சுற்றுச் சுற்றித் தப்பினால் 'ஸ்பினரமா'. பலமாக அடித்தால் பீரங்கியை வினைச்சொல்லாக்கி 'கெனனேடிங்'. அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் கடிதம் போட, "இப்போது உண்டு" என்று பதில் எழுதினார் என்பார்கள்.

வரலாற்றில் நிற்கும் வர்ணனைகள் எவை?

இரண்டு சொல்கிறேன். முதலாவது 1972. கனடாவின் தொழில்முறை ஆட்டக்காரர்களும் சோவியத் யூனியனும் எட்டு ஆட்டம். கனடா ஊதித் தள்ளிவிடும் என்று எல்லாரும் நினைத்திருக்க, தொடர் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டது. செப்டம்பர் 28, வியாழக்கிழமை, மாஸ்கோ. கனடாவில் பகல் நேரம், பள்ளிக்கூடங்களில் பாடத்தை நிறுத்திவிட்டு டிவியை உருட்டிக்கொண்டு வந்து வைத்தார்கள். ஓய்வில் இருந்த ஹெவிட்டை இதற்காகவே அழைத்து வந்திருந்தார்கள். 34 வினாடி மிச்சம் இருக்கையில் பால் ஹெண்டர்சன் ஒரு முயற்சியில் விழுந்தார், எழுந்தார், அடித்தார். "ஹெண்டர்சன் கனடாவுக்காக கோல் போட்டுவிட்டார்!" தன் பழைய நான்கு சொல்லை ஹெவிட் அன்று சொல்லவில்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

எதிர்ப்பக்கத்துக் குரலையும் சொல்ல வேண்டும். சோவியத் தொலைக்காட்சியில் நிகோலாய் ஒசெரொவ். அவர் நாட்டின் டென்னிஸ் சாம்பியன், மாஸ்கோ ஆர்ட் தியேட்டர் நடிகரும்கூட. கனடியர்களின் முரட்டு ஆட்டத்தைப் பார்த்து அவர் சொன்னதாக ரஷ்யாவில் இன்றும் பழமொழி போல வழங்கும் வாக்கியம்: "இப்படிப்பட்ட ஹாக்கி நமக்குத் தேவையில்லை."

இரண்டாவது, 1980 பிப்ரவரி 22, லேக் பிளாசிட் ஒலிம்பிக். அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் சோவியத்தை 4-3 என்று வென்ற ஆட்டம். கடைசி நொடிகளில் ஆல் மைக்கேல்ஸ் கேட்டார்: "அற்புதங்களை நம்புகிறீர்களா?" பதிலையும் அவரே சொன்னார்: "யெஸ்!" அந்த ஒலிம்பிக்குக்கு முன் அவர் வர்ணித்திருந்தது ஒரே ஒரு ஹாக்கி ஆட்டம், 1972 ஒலிம்பிக்கில். பக்கத்தில் இருந்தவர் கனடாவின் புகழ்பெற்ற கோல்கீப்பர் கென் டிரைடன். இன்னொரு வேடிக்கை, அமெரிக்காவில் பெரும்பாலானோர் இதை நேரலையில் பார்க்கவே இல்லை. மாலையில் நடந்த ஆட்டத்தைப் பதிவு செய்து இரவு எட்டு மணிக்குப் போட்டார்கள்.

பஞ்சாபியில் வர்ணனை வருகிறதாமே?

ஆமாம், 2008-இலிருந்து. ஆல்பர்ட்டாவின் ப்ரூக்ஸ் என்ற சிறிய ஊரில் பிறந்த ஹர்நாராயண் சிங்தான் அதன் முகம். ஆரம்பத்தில் கால்கரியிலிருந்து டொரொண்டோவுக்கு வாராவாரம் சொந்தக் காசில் விமானம் ஏறி வந்து வர்ணித்தார். சொற்களைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. பக்குக்கு, தட்டையான உருளைக்கிழங்குப் பலகாரமான ஆலு டிக்கியின் 'டிக்கி'. ஸ்டிக்கை ஓங்கி அடிக்கும் ஸ்லாப் ஷாட்டுக்கு, கன்னத்தில் விடும் அறைக்கான பஞ்சாபிச் சொல். நாமாக இருந்தால் பக்கைப் பருப்பு வடை என்றிருப்போம்.

2016 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கின் நிக் பொனினோ வெற்றி கோல் போட, இவர் "பொனினோ பொனினோ பொனினோ" என்று மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போனார். ஒரு சொல் பஞ்சாபி தெரியாதவர்களும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கோப்பையை வென்ற பிட்ஸ்பர்க், வெற்றி விழாவுக்கு இந்தக் குழுவையே அழைத்தது. 2019 மார்ச்சில் ஒரு ஆட்டம் இங்குள்ள பூர்வகுடிகளின் மொழியான க்ரீயிலும் வந்தது, க்ளாரன்ஸ் அயர்ன் வர்ணித்தார். கழியும் பனியும் முதலில் யாருடையவை என்று யோசித்தால், அவர்களுக்கு இது தாமதமாகத்தான் கிடைத்திருக்கிறது.

டான் செர்ரி யார்? ஏன் அவர் பெயரைச் சொன்னாலே வாக்குவாதம்?

இடைவேளையில் பளபளக்கும் கோட்டோடு வந்து அடித்துப் பேசிய முன்னாள் பயிற்சியாளர். 1980களிலிருந்து ஆட்டத்தைவிட அவருக்காகவே டிவி போட்டவர்கள் உண்டு. 2019 நவம்பரில், போரில் இறந்தவர்கள் நினைவாகச் சட்டையில் குத்தும் பாப்பிப் பூவைக் குடியேறியவர்கள் வாங்குவதில்லை என்ற பொருளில் "நீங்கள் எல்லாம்" என்று பேசினார், வேலை போனது. எங்கள் வீட்டில் அவர் நகைச்சுவைக்குச் சிரித்தவர்கள் இருந்தார்கள். அந்த "நீங்கள்" யாரைச் சுட்டியது என்று அவர்களுக்கும் புரிந்தது.

உள்ளூர் வர்ணனையாளர்கள் பாரபட்சம் காட்டுவார்களா?

தாராளமாக. ஒவ்வொரு அணிக்கும் சொந்தக் குரல் உண்டு, அவர் நடுநிலையாக இருந்தால்தான் ஊர் கோபிக்கும். பஃபலோவின் ரிக் ஜெனரே ஐம்பது ஆண்டு அப்படித்தான் இருந்தார். 1993-இல் ப்ராட் மே என்பவர் போட்ட கோலுக்கு, விமானிகளின் அபாயக் குரலான "மே டே! மே டே!" என்று கத்தியது இன்றும் அங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அரங்கத்துக்குப் போகாமலே வர்ணிக்க முடியுமா?

முடியும் என்று 2020 காட்டியது. கொரோனா காரணமாக 24 அணிகளை டொரொண்டோவிலும் எட்மண்டனிலும் அடைத்து வைத்து ஆடினார்கள். டாக் எம்ரிக் மிச்சிகனில் தன் வீட்டிலிருந்தே திரையைப் பார்த்து வர்ணித்தார், அதோடு ஓய்வும் பெற்றார். கேமரா காட்டாத இடத்தில் நடப்பது தெரியாது என்பதுதான் இதில் சிக்கல். ஹெவிட் மாடி மாடியாக ஏறி இறங்கியது எதற்கென்று இப்போது புரியும்.

சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் என்ன?

பார்க்கலாம். ஒருமுறை பிள்ளை தூங்குகிறாள் என்று நாங்களும் அப்படிப் பார்த்தோம். கோல் விழுந்தது எங்களுக்குத் தெரிந்தது, ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்ட பிறகுதான்.